செய்தவரைச் சொல்லும் சொல்



எழுத்து உயிரோட்டமாக இருக்க என்ன வழி என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். உவமையைப் பற்றிப் பேசலாம். வருணனையைப் பற்றிப் பேசலாம். நான் வினைச்சொல்லைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன். தமிழில் எழுதுகிறவர் கையில் அதைவிடப் பெரிய செல்வம் வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பேசுவதற்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள். ‘பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் மாசடைந்துள்ளது தொடர்பாக ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன.’ இதை நான் எந்த அறிக்கையிலிருந்தும் எடுக்கவில்லை. இந்த மேடைக்காக நானே எழுதியது. ஆனால் கேட்டவுடனே எங்கோ படித்ததுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கும். இப்படிப்பட்ட வாக்கியங்களின் நடுவில்தான் நாம் வாழ்கிறோம்.

இதில் வினைகளுக்குக் குறைவில்லை. மாசடைதல் இருக்கிறது, மேற்கொள்ளுதல் இருக்கிறது, எடுத்தல் இருக்கிறது, வருதலும் இருக்கிறது. மனிதர் ஒருவர்கூட இல்லை. நீரைக் கெடுத்தவர் இல்லை. ஆராய்ந்தவர் இல்லை. நடவடிக்கை எடுப்பவரும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவரும் இல்லை. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கேட்பவர் அதுவரை காத்திருக்கிறார். வாக்கியத்தின் பாரம் முழுவதும் போய் இறங்குகிற இடம் அது. அந்த இடத்தில் ஆளே இல்லாத ஒரு சொல்லை வைத்தால், காத்திருந்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் இலக்கணிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினைக்கென்றே ஓர் இயல் வகுத்தார். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் ஒருபடி போய், ஒரு வினைச்சொல் நமக்கு என்னென்ன தருகிறது என்று கணக்கெடுத்தார். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படும் பொருள் என ஆறு. உரையாசிரியர்கள் இதற்கு ‘வனைந்தான்’ என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டுவார்கள். குயவர், சக்கரம், அவர் உட்கார்ந்த இடம், கையின் வேலை, கடந்த காலம், குடம் ஆகிய ஆறும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. நம் ஊருக்கு ஏற்ப ‘சீவினார்’ என்று வைத்துப் பாருங்கள். தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிற தொழிலாளி, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தி, தோலைப் போர்த்தியிருக்கும் வளைந்த பலகை, அவர் கை அசையும் அசைவு, நேற்றைய பகல், ஈரத்தோல். ‘சீவினார்’ என்றதும் இத்தனையும் வந்து நிற்கின்றன. ‘சதை அகற்றும் பணி நடைபெற்றது’ என்று எழுதினால் இவற்றில் எது மிஞ்சுகிறது?

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த ஊருக்கு நெருக்கமான செய்தி இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் பரந்து கிடக்கும் வட்டாரம் நம்முடையது. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். தொழில் ஒன்றுதான். ஒரு பச்சைத்தோல் பூட்ஸாக மாறுவதற்குள் எத்தனை வினைகளைக் கடக்கிறது என்று ஒரு டேனரிக்குள் நின்று பாருங்கள். உப்பிட்டு வந்த தோலை உதறுகிறார்கள். தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சுண்ணாம்பில் போட்டு மயிரின் வேரைத் தளர்த்துகிறார்கள். மயிரை வழிக்கிறார்கள். சதையைச் சீவுகிறார்கள். பெரிய மர டிரம்முக்குள் தள்ளி உருட்டுகிறார்கள். முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட குழிகளில் தோய்த்தார்கள். இப்போது பெரும்பாலும் குரோம். டிரம்மைத் திறந்தால் தோல் வெளிர்நீலமாக வெளியே சரிகிறது. அதை உருளைகளுக்கிடையே விட்டுப் பிழிகிறார்கள். பிளக்கிறார்கள். தடிப்பு எங்கும் ஒன்றாக வரும்படி இழைக்கிறார்கள். சாயம் ஏற்றுகிறார்கள். எண்ணெய் ஊட்டுகிறார்கள். நான்கு பக்கமும் இழுத்துக் கிளிப் மாட்டி உலர்த்துகிறார்கள். விறைத்த தோலைத் தட்டித் துவளவைக்கிறார்கள். தேய்க்கிறார்கள். மெருகேற்றுகிறார்கள். கடைசியில் சதுர அடிக் கணக்கில் அளக்கிறார்கள்.

உதறு, ஊறு, வழி, சீவு, உருட்டு, பிழி, பிள, இழை, ஊட்டு, தட்டு. இவற்றில் ஒன்றைக்கூடப் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நம் வீட்டிலும் வயலிலும் புழங்குகிற சொற்கள். ஒவ்வொன்றிலும் கை வேறு விதமாக அசைகிறது. உதறும்போது மணிக்கட்டு வேலை செய்கிறது, பிழியும்போது தோள் வேலை செய்கிறது. எழுதப்போனால் என்ன ஆகிறது? உப்பு அகற்றுதல், மயிர் அகற்றுதல், சதை அகற்றுதல், நீர் அகற்றுதல், கழிவு அகற்றுதல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘அகற்றுதல்’. உதறியதும் வழித்ததும் சீவியதும் பிழிந்ததும் ஒரே சொல்லுக்குள் மூழ்கிவிடுகின்றன. அந்த வேலையை ஒருநாளும் பார்க்காதவர் இந்த ஐந்தையும் படித்துவிட்டுப் போனால் ஐந்தும் ஒரே வேலை என்றே நினைப்பார். தொழிலாளியின் திறமையைப் பட்டியல் போட்டு அழித்துவிட்டோம் என்றே நான் சொல்வேன்.

தமிழில் வெட்டுதல் ஒன்று அல்ல. நெல்லை அறுக்கிறோம். பூவைக் கொய்கிறோம். காயை நறுக்குகிறோம். கீரையை அரிகிறோம். தேங்காயை உடைக்கிறோம், துருவுகிறோம். மரத்தைத் தறிக்கிறோம், கட்டையைப் பிளக்கிறோம், பென்சிலைச் சீவுகிறோம், முடியைக் கத்தரிக்கிறோம், கல்லைச் செதுக்குகிறோம். பொருளும் கருவியும் மாறினால் வினையும் மாறுகிறது. பென்சிலைச் சீவியதாக எழுதிவிட்டால் பக்கத்தில் ‘கூர்மையான கருவியைப் பயன்படுத்தி’ என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. எழுத்து சுருங்குவதும் துலங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இனி என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தமிழில் வன்மையான வினை என்று எதைச் சொல்வது?

சில இணைகளைச் சொல்கிறேன். கலங்கு, கலக்கு. தேங்கு, தேக்கு. அடங்கு, அடக்கு. திரும்பு, திருப்பு. ஒரு மெல்லெழுத்து இருந்த இடத்தில் அதன் இனமான வல்லெழுத்து வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த ஓர் எழுத்தோடு ஒரு மனிதர் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறார். ‘தண்ணீர் கலங்கியது’ என்றால் அது தானாக நடந்தது. ‘தண்ணீரைக் கலக்கினார்கள்’ என்றால் யார் என்ற கேள்வி எழுகிறது. ‘கழிவுநீர் தேங்கியது’ என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. ‘கழிவுநீரைத் தேக்கினார்கள்’ என்றால் தேக்கியவர் ஒருவர் உண்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்துத் தேர்வு எழுதி மறந்துவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பொறுப்பு. பாலாற்றங்கரையில் வாழ்கிற நமக்கு அது வெறும் இலக்கணப் பாடம் அல்ல.

பாலாற்றின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆறு மாசடைந்தது, நிலம் பாழானது, கிணறுகள் கெட்டன’ என்று நெடுங்காலம் எழுதினோம். எல்லாம் தன்வினை. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருக்கிறது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அந்த வழக்குக்கு ஓர் அழியாத இடம் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதியாகச் சொன்னது.

‘மாசுபடுத்தியவர்.’ இது வினையாலணையும் பெயர். ஒரு பிறவினை, அதன் முடிவில் ஓர் ஆள். அத்தனை ஆண்டுகளாக ‘மாசடைந்தது’ என்று இருந்ததை நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவர்’ என்று மாற்றியபோது, இழப்பீடு கேட்க ஒரு முகவரி கிடைத்தது. ஆலை முதலாளிகளைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. இந்தத் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியவர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நல்ல வினை வேண்டும். ‘சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது’ என்றால் அவர்கள் உழைப்பும் காணாமல் போகிறது. ‘கட்டினார்கள்’ என்று எழுதுங்கள். நல்லதைச் செய்தவரையும் கெட்டதைச் செய்தவரையும் ஒரே ‘-ப்பட்டது’ விழுங்கிவிடுகிறது.

இதே பொறுப்பை இன்னொரு நிகழ்விலும் பாருங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. முதல் நாள் செய்தியில் ‘சுவர் இடிந்தது’ என்று எழுதியது சரி. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவே. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே தன்வினையில் எழுதினால் அது தவறு. தொட்டியைக் கட்டியவர் யார், நிரப்பியவர் யார், அதன் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டிய கடமை எழுதுகிறவருக்கு வந்துவிடுகிறது. அந்தக் கேள்விகள் அவர் மனத்தில் எழ வேண்டுமானால் முதலில் வினை மாற வேண்டும். பிறவினையில் எழுத முயல்கிறவருக்கு எழுவாய் தேவைப்படும். எழுவாயைத் தேடி அவர் வெளியே போயாக வேண்டும். ‘உயிரிழப்பு ஏற்பட்டது’ என்று எழுதுகிறவர் நாற்காலியை விட்டு எழவே வேண்டியதில்லை.

இனி வரலாற்றிலிருந்து ஒன்று. வேலூர்க் கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10. நம் பிள்ளைகள் படிக்கும் கைடுகளில் ‘வேலூரில் கலகம் ஏற்பட்டது, பின்னர் ஒடுக்கப்பட்டது’ என்று முடிந்துவிடும். நடந்ததை வினைகளால் சொல்லிப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய தலைப்பாகையைத் திணித்தார். அதில் தோலால் செய்த ஒரு சின்னம் செருகியிருந்தது. நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது என்றார்கள், காதணியைக் கழற்றச் சொன்னார்கள், தாடியை மழிக்கச் சொன்னார்கள். சிப்பாய்கள் முறையிட்டார்கள். முறையிட்டவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். படுத்துக் கிடந்த ஆங்கிலேயப் படையினரைச் சுட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆங்கிலேயப் படை அதிகாரி ஜில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்தார். கோட்டை வாயிலைப் பீரங்கியால் தகர்த்தார்கள். கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் அடைக்கலம் புகுந்திருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

‘ஒடுக்கப்பட்டது’ என்ற சொல் மறைத்தது அந்தச் சுவரை. ‘கலகம் ஏற்பட்டது’ என்ற சொல் மறைத்ததோ திணித்தலையும் சவுக்கையும். அதே நேரத்தில் சிப்பாய்கள் தூங்கியவர்களைச் சுட்டதையும் நாம் மேலே சொன்ன நேரான வினைகள் மறைக்கவில்லை. நேரான வினை யார் பக்கமும் சாய்வதில்லை. அது நடந்ததை நம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது, தீர்ப்பை வாசகரிடம் விடுகிறது. நாட்டுப்பற்றோடு எழுதுகிறேன் என்று பெயரடைகளைக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘வீரமிக்க, தியாகம் நிறைந்த, மகத்தான’ என்று மூன்று அடைகள் போடுகிற இடத்தில் ‘கொடியை ஏற்றினார்கள்’ என்ற ஒரு வினை போதும்.

வேலூர் என்றால் ஊருக்கெல்லாம் நினைவுக்கு வருவது சி.எம்.சி. மருத்துவமனை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. அந்த வெளிநோயாளிகள் வரிசையில் காது கொடுத்துக் கேட்டால் தமிழ் வினையின் ஆற்றல் முழுவதும் கேட்கும். ஒரு மூதாட்டியிடம் இளம் டாக்டரம்மா கேட்கிறார்: “எப்படிம்மா வலிக்குது?” பாட்டி சொல்கிறார்: “முட்டி குடையுது கண்ணு. படி ஏறினா குத்துது. ராத்திரியானா கடுகடுன்னு கடுக்குது.” இன்னொருவருக்கு வயிறு பிசைகிறது. இன்னொருவருக்கு நெஞ்சு எரிகிறது, முதுகு இழுக்கிறது, கால் குறுகுறுக்கிறது, தலை தெறிக்கிறது. வலி என்ற பெயரை அவர்கள் தொடுவதே இல்லை. உடம்புக்குள் யாரோ செய்யும் வேலையாக அதைச் சொல்கிறார்கள். குத்துவதும் குடைவதும் எரிவதும் வெவ்வேறு நோய்களைக் காட்டக்கூடியவை, நல்ல மருத்துவருக்கு அதில் பாதி விடை கிடைத்துவிடும். சீட்டில் ‘மூட்டு வலி உள்ளது’ என்று எழுதிவிட்டால் பாட்டி கொடுத்த செய்தி கைநழுவிப் போகிறது.

அதே மருத்துவமனையில் நடந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய பேச்சுக்காக நான் யோசித்தவற்றில் என்னை மிகவும் தொட்டது இதுதான். டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை செய்து நிமிர்த்திய முன்னோடி. அந்தக் காலத்தில் மக்களும் பல மருத்துவர்களும் தொழுநோயைப் பற்றி ஒரே வினையில் பேசினார்கள்: விரல் அழுகி உதிர்கிறது. நோய் வந்தால் சதை தானே உதிரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்பது அதன் பொருள். பிராண்டும் அவர் கூட்டாளிகளும் ‘உதிர்கிறது’ என்ற அந்தத் தன்வினையை நம்ப மறுத்தார்கள். ஒவ்வொரு புண்ணையும் எடுத்து, இது எப்படி வந்தது என்று தேடினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது, அதன்பின் கையையும் காலையும் கெடுப்பது வேறு வேறு பொருள்கள் என்று கண்டார்கள். சூடான பாத்திரம் சுடுகிறது. பிடித்த கருவி அறுக்கிறது. செருப்பின் வார் தேய்க்கிறது. ஆணி குத்துகிறது. இரவில் விரல் காணாமல் போன சிலரைக் கண்காணித்தபோது, உறங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. வலி தெரியாததால் அவர் விழிக்கவில்லை. அதன்பிறகு நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு வினையை ஐந்து வினையாகப் பிரித்ததும் என்ன நடந்தது பாருங்கள். உதிர்வதைத் தடுக்க வழியில்லை. சுடுவதையும் அறுப்பதையும் தேய்ப்பதையும் குத்துவதையும் கடிப்பதையும் தடுக்கலாம். காலுக்கு மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்பு செய்தார்கள். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அந்தச் செருப்பு உருவாகி வளர்ந்தது. எத்தனையோ பேரின் பாதத்தை அது காப்பாற்றியது. உலகத்துக்குக் காலணி செய்து அனுப்புகிற இந்த வட்டாரத்தில் பிறந்த காலணிகளில் நான் மிகவும் மதிப்பது அந்தச் செருப்பைத்தான். சரியான வினையைத் தேடுவது எழுத்தின் அழகுக்காக மட்டும் அல்ல. தேடினால் காரணம் அகப்படுகிறது. அகப்பட்டால் வழி பிறக்கிறது.

துணைவினையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைத் தொடாமல் தமிழ் வினையைப் பேசி முடிக்க முடியாது. ‘ஆலையை மூடினார்கள்.’ இது செய்தி. ‘மூடிவிட்டார்கள்’ என்றால் முடிந்தது, இனிப் பேச்சில்லை. ‘மூடிவைத்தார்கள்’ என்றால் திறக்கிற எண்ணம் இருக்கிறது. ‘மூடிக்கொண்டார்கள்’ என்றால் தாங்களாகவே, தங்கள் நலனுக்காக. ‘மூடிப்பார்த்தார்கள்’ என்றால் முயன்றார்கள், பலித்ததா தெரியாது. ‘மூடித் தொலைத்தார்கள்’ என்றால் சொல்கிறவருக்கு வேலை போயிருக்கிறது. சொல்பவரின் கோபம், ஐயம், ஏக்கம் எல்லாவற்றுக்கும் வினையின் வாலிலேயே இடம் இருக்கிறது. ‘மிகுந்த மனவேதனையுடன் அவர் கூறினார்’ என்று வெளியிலிருந்து ஒட்டவைக்கத் தேவையில்லை. பேச்சில் இதை எந்தப் பிழையும் இல்லாமல் செய்கிறோம். பேனா பிடித்ததும் துணைவினையைக் கொச்சை என்று நினைத்து வெட்டிவிடுகிறோம். அது கொச்சை அல்ல. எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வன்மையான வினை என்றால் சத்தமான வினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளிதழ்த் தலைப்புகளில் தலைவர்கள் சாடுகிறார்கள், விளாசுகிறார்கள், கொந்தளிக்கிறார்கள், வறுத்தெடுக்கிறார்கள். தினமும் எல்லோரும் கொந்தளித்தால், ஒருநாள் உண்மையிலேயே ஒருவர் கொந்தளிக்கும்போது எழுதச் சொல் இருக்காது. இலக்கியக் கட்டுரைகளுக்கு வேறு நோய். கதை பயணிக்கிறது, கவிதை கட்டமைக்கிறது, நாவல் முன்வைக்கிறது. எந்தக் கதைக்கும் பொருந்துகிற வினை எந்தக் கதையைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. தமிழாசிரியர்கள் சிலர் உரையாடல் எழுதும்போது ‘சொன்னான்’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே என்று அஞ்சி இயம்பினான், பகர்ந்தான், நவின்றான், செப்பினான் என்று மாற்றச் சொல்கிறார்கள். வேண்டாம். ‘சொன்னான்’ நல்ல சொல். அது கண்ணில் படாமல் ஒதுங்கி நின்று, பேசியவரின் பேச்சை நமக்குக் கேட்கவிடும். இரு, வா, போ, கொடு, சொல் போன்ற எளிய வினைகள் தேய்வதே இல்லை. நம் வடாற்காட்டு மண்ணிலிருந்து வந்த மு. வரதராசனார் இதற்கு நல்ல சான்று. திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர், ‘அகல் விளக்கு’ நாவலுக்காக 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அவர் உரைநடையில் குட்டை வாக்கியங்களும் வீட்டுப் புழக்கத்து வினைகளும்தான் நிறைந்திருக்கும். அத்தனை வாசகர்களை அவர் சேர்த்ததில் அந்த எளிமைக்குப் பெரிய பங்கு உண்டு.

‘-ப்பட்டது’ என்று வரும் செயப்பாட்டு வினையை முழுவதும் ஒதுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாத இடம் உண்டு. செய்தவரைக் காக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு பெண் புகார் கொடுத்தால், ‘புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதுவது அவளுக்கு அரண். அங்கே அந்த வினை தன் வேலையைச் செய்கிறது. மறைக்க வேண்டியதை மறைக்கிறோமா, மறைக்கக் கூடாததை மறைக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது எழுதுகிறவரின் பொறுப்பு.

திருத்தும்போது என்ன செய்யலாம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நான் செய்வது எளிது. எழுதி முடித்தபின் வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறேன். மேற்கொண்டார், நடைபெற்றது, ஏற்பட்டது, காணப்படுகிறது, உள்ளது என்று வரிசையாக வந்தால் நிறுத்துகிறேன். பெரும்பாலும் உண்மையான வினை அதற்கு முன்னால் இருக்கும் பெயருக்குள் அடைபட்டுக் கிடக்கும். ‘விசாரணை மேற்கொண்டார்’ என்பதற்குள் ‘விசாரித்தார்’ இருக்கிறது. ‘மழைப்பொழிவு ஏற்பட்டது’ என்பதற்குள் ‘மழை பெய்தது’ இருக்கிறது. ‘மகிழ்ச்சி அடைந்தார்’ என்பதற்குள் ‘மகிழ்ந்தார்’ இருக்கிறது. அதை வெளியே எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, எழுதிய இடத்துக்குத் திரும்பப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். தோலைச் சீவினாரா, வழித்தாரா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தையல் மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் படிக்கிறார்கள். ‘என் தாய்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் ‘என் தாய் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறார்’ என்று எழுதிவிட்டு, ‘என் தாய் அன்பானவர், பண்பானவர்’ என்று போய்விடுகிறார்கள். மாலையில் அந்த அம்மா வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு முழுக்க ஓரம் மடிச்சேன், பசை தடவினேன், தச்சேன், நூல் பிசிறு வெட்டினேன், கட்டை விரல் மரத்துப்போச்சு” என்று சொல்வது பிள்ளையின் காதில் விழுகிறது. நோட்டில் மட்டும் ஏறுவதில்லை. அடுத்த வாரம் அந்தக் கட்டுரையை மறுபடி எழுதச் சொல்லுங்கள். பணிபுரிகிறார் என்ற சொல் கூடாது, அம்மா சொன்ன வினைகளை அப்படியே எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். பிள்ளைகள் எழுதுவதை எனக்கும் அனுப்பிவையுங்கள். ஒவ்வொன்றையும் படித்து, எழுதிய பிள்ளைக்குப் பதில் எழுதுகிறேன்.